டீப் கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடுமா?

போன இதழில் ஈறில் ரத்தம் வருவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கே தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்தத் தடவை முழுக்க ஈறுதான். சொத்தைப் பல், கம்பி கட்டுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: எனக்கு 52 வயது. மூன்று வருடமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. காலையில் வாய் நாறுகிறது என்று பிள்ளைகளே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. காரைக்குடியில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். ஈறுக்குள்ளே ஆழமாகச் சுத்தம் (டீப் கிளீனிங்) செய்ய வேண்டும், ஊசி போட்டுத்தான் செய்வோம், நாலு தடவை வர வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சியோ, "கிளீன் பண்ணப் போய்த்தான் நல்லா இருந்த பல்லெல்லாம் ஆடிப்போச்சு, நீ போயிறாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— தேவகோட்டை வாசகி

பதில்: டாக்டர் பேச்சைக் கேளுங்கள். அடுத்த வாரமே போங்கள். ஆனால் ஆச்சி சொன்னதும் பொய் இல்லை, அதையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு பயத்தினாலேயே பல்லை இழந்தவர்களை இந்த இருபது வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

பல்லின் மேல் தினமும் ஒரு வழவழப்பான படிவு உண்டாகும். முழுக்க முழுக்கக் கிருமிகள் சேர்ந்த படிவு அது. தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி சில நாட்களிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். அதுதான் பற்காரை. கீழ்வரிசை முன்பல்லின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் அதுதான். அங்கே அதிகம் சேர்வதற்குக் காரணம், எச்சில் சுரப்பிகளின் வாய் நாக்குக்கு அடியில் அந்த இடத்தில்தான் திறக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் இந்தக் காரையோடு போனால் அதை மேலாக எடுத்துவிடும் சாதாரண ஸ்கேலிங் போதும், அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். உங்களுக்கு அது ஈறுக்கு அடியில் இறங்கிவிட்டது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இயற்கையாகவே ஒரு சின்ன இடுக்கு உண்டு, 3 மில்லிமீட்டர் வரை ஆழம் இருந்தால் கவலையில்லை. கிருமி உள்ளே போகப் போக ஈறு பல்லை விட்டு விலகி அந்த இடுக்கு பை மாதிரி ஆழமாகும், 4, 5, 6, சிலருக்கு 8 கூட. பையின் அடியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலிக்காது. இந்த நோயில் கொடுமையே அதுதான். சொத்தைப் பல் மாதிரி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்திருந்தால் நீங்களே மூன்று வருடத்துக்கு முன்னால் ஓடி வந்திருப்பீர்கள்.

நம் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கிற பாசியை எடுத்தால் தண்ணீர் பார்க்க நன்றாக இருக்கும். அடியில் சேறு அப்படியே கிடந்தால் இரண்டு நாளில் பழையபடி நாறும். உங்கள் டாக்டர் தூர் வாரலாம் என்கிறார், அவ்வளவுதான்.

இப்போது ஆச்சியின் விஷயம். அவருக்கு எலும்பு முன்பே கரைந்துவிட்டிருந்திருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் காரை செங்கல் சுவரில் பூசின மாதிரி இறுகி, எல்லாப் பல்லையும் ஒன்றாகக் கட்டிப் பிடித்திருக்கும். வீங்கின ஈறு அதை மூடியிருக்கும். அந்தக் காரையை எடுத்ததும் ஒளிந்திருந்த ஆட்டம் வெளியே தெரிந்திருக்கும். காரையை எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆடாத மாதிரி இருந்துவிட்டு, பிறகு முழுப் பல்லாகக் கையோடு வந்திருக்கும். இன்னொன்று, சுத்தம் செய்த முதல் வாரம் இரண்டு வாரம் ஆட்டம் கொஞ்சம் கூடின மாதிரி இருப்பதும் உண்டு. வீக்கம் வற்றி ஈறு பல்லை ஒட்டிப் பிடிக்கப் பிடிக்க அது குறைந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில் ஆச்சி பயந்துபோய் அடுத்த தடவைக்கே போகாமல் இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நாற்காலியில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் பாதி குறையும். முதலில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறு ஓரத்தில் மெதுவாக விட்டு ஆழம் பார்ப்பார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். டாக்டர் "மூணு, ரெண்டு, ஆறு" என்று சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருக்கும் பெண் எழுதிக்கொள்வார். அந்த எண்களை நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள், அது உங்கள் வாயின் கணக்கு. எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். இந்த அளவும் எக்ஸ்ரேயும் இல்லாமல் யாராவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த மாத்திரத்தில் டீப் கிளீனிங் என்று சொன்னால், "என் பை அளவு எத்தனை?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

அப்புறம் வாயின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மரத்துப்போகிற ஊசி. முதலில் தண்ணீர் பீய்ச்சும் மெஷின், விர்ரென்று சத்தம் வரும். பிறகு நுனி வளைந்த கையால் பிடிக்கிற கருவிகள். இந்த இடத்தில் டாக்டருக்குக் கண் உதவாது, விரல்தான். காரை இருக்கும்போது கருவி நெரநெரவென்று தடுக்கும், போனதும் வழுக்கிக்கொண்டு வரும், அந்த வித்தியாசம் விரல் நுனியில் தெரியும். நான் எடுத்ததைப் பஞ்சில் வைத்து நோயாளிக்குக் காட்டிவிடுவேன். மேலே இருக்கும் காரை மஞ்சளாக இருக்கும், ஈறுக்கு அடியிலிருந்து வருவது கரும்பழுப்பாக, உடைந்த கடுகு மாதிரி இருக்கும், ரத்தம் ஊறி ஊறி அந்த நிறம். "இதுவா டாக்டர் எனக்குள்ள இருந்துச்சு?" என்று கேட்காத ஆளே இல்லை. முன்பெல்லாம் வேர் கண்ணாடி போல ஆகும்வரை சீவ வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இப்போது அவ்வளவு தேவையில்லை, காரையும் படிவும் போனால் போதும் என்றாகிவிட்டது. அதனால் பல்லையே சுரண்டிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம்.

நாலு தடவை என்பது வாயை நாலு பங்காகப் பிரித்துச் செய்வது. சில இடங்களில் இரண்டு தடவையில் முடிப்பார்கள். இரண்டும் சரியே, உங்களால் எவ்வளவு நேரம் வாயைத் திறந்து படுத்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது.

மரத்த வாயோடு வீட்டுக்குப் போய் உடனே சாப்பிடாதீர்கள், கன்னத்தைக் கடித்துவிடுவீர்கள். இரண்டு மூன்று நாள் வலியும் லேசான ரத்தமும் இருக்கும். அந்த நாட்களில் உப்புக்கறி, மிளகாய் கிள்ளிப் போட்டது, முறுக்கு, சீப்புச் சீடை எல்லாம் வேண்டாம், ரசம் சாதமோ இட்லியோ போதும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்சிடின் என்ற மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி தெரியாது.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப அளந்து பார்ப்பார்கள். 4 முதல் 6 வரை இருந்த பை சராசரியாக 1 மில்லிமீட்டர், 7-க்கு மேல் இருந்தது 2 மில்லிமீட்டர் அளவு குறையும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் 5 இருந்தது 4 ஆகி ரத்தமும் நின்றுவிட்டால் உங்கள் பிரஷ்ஷாலேயே சமாளிக்கிற நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். குறையாமல் ஆழமாகவே நிற்கிற ஒன்றிரண்டு இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சின்ன அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போயாக வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெளியேற்றின கிருமிக் கூட்டம் இரண்டு மூன்று மாதத்தில் பைக்குள் திரும்பக் குடியேறிவிடும், அதனால்தான் அந்தக் கணக்கு. ஒரே ஒரு தடவை நன்றாகச் செய்துவிட்டு இரண்டு வருடம் வராமல் இருந்தவர்களுக்குப் பழையபடி 6, 7 என்று எண்களைச் சொல்லும்போது எனக்கு மனசே சரியில்லாமல் போய்விடும்.

*

கேள்வி: என் கணவருக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. பல் டாக்டர் கொடுத்த காகிதத்தில் 'ஸ்டேஜ் 3, கிரேட் சி' என்று இருக்கிறது. கேன்சரோ என்று இரண்டு நாளாக அவர் சாப்பிடவே இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.1. சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரைக்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?
— காரைக்குடி வாசகி

பதில்: கேன்சர் இல்லை. முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். 2018-லிருந்து ஈறு நோயையும் ஸ்டேஜ் 1 முதல் 4 வரை, கிரேட் ஏ, பி, சி என்று பிரித்து எழுதுகிறார்கள். ஸ்டேஜ் என்பது இதுவரை எவ்வளவு சேதம், கிரேட் என்பது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது. மூன்று மாதச் சர்க்கரை 7-க்கு மேல் இருந்தாலே சி-யில் போட்டுவிடுவார்கள். தினமும் பத்து சிகரெட்டும் அதற்கு மேலும் குடிப்பவருக்கும் அப்படித்தான். இப்படி ஒரு காகிதத்தைக் கையில் கொடுக்கும்போது ஒரு நிமிடம் உட்காரவைத்து விளக்கியிருக்கலாம், இரண்டு நாள் பட்டினி மிச்சமாகியிருக்கும்.

சம்பந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாகும், ஆறுவதும் மெதுவாகும். ஈறு அழற்சி கூடினால் சர்க்கரையும் அடங்காது. ஈறுக்கு ஆழமான சுத்தம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் அந்த மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.4 அளவு குறைவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. ஆனாலும் இன்னொரு மாத்திரை சேர்க்காமல் தப்பிக்க அது உதவலாம்.

குறைத்துவிட்டு வரச் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அதற்காக ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. சர்க்கரை டாக்டரையும் பல் டாக்டரையும் போனில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். சுத்தம் செய்கிற அன்று காலை வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, காலை நேரத்திலேயே போகட்டும். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியிலேயே வேர்த்து விறுவிறுத்துப் போனவர்களுக்கு அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மற்ற மாத்திரைகளையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், பெயர் சொன்னால் போதாது, அட்டையே வேண்டும். இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை போட்டால் சொல்லணும், தானாக நிறுத்தக் கூடாது. இதய வால்வு மாற்றியிருந்தால் சுத்தம் செய்வதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், அதுவும் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

*

கேள்வி: கிளீனிங் செய்து ஒரு மாதம் ஆகிறது. முன்பல் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது, ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. கெடுத்துவிட்டார்களோ?
— புதுவயல் வாசகர், வயது 34

பதில்: கெடுக்கவில்லை. வீங்கியிருந்த ஈறு வற்றி, அடைத்திருந்த காரை போனதால் பல்லுக்கு நடுவில் இருந்த இடம் தெரிகிறது. வேர் கொஞ்சம் வெளியே வந்திருப்பதால் கூச்சம். கூச்சத்துக்கான பேஸ்ட்டால் தினமும் இரண்டு வேளை தேய்த்து, கொப்பளிக்காமல் துப்பிவிட்டு மட்டும் விடுங்கள். சில வாரங்களில் குறையும். அந்த இடைவெளிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் இடைப்பல் பிரஷ் வாங்குங்கள், சோடாப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாக்கின மாதிரி இருக்கும். இடைவெளிக்கு இறுக்கமில்லாமல் உரசிக்கொண்டு போகிற அளவு எது என்று டாக்டரிடமே ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

*

கேள்வி: வேப்பங்குச்சியும் உப்புக்கரியும் விட்டதால்தான் இத்தனை ஈறு நோய் என்கிறார் என் ஐயா. சரியா?
— பள்ளத்தூர் வாசகர்

பதில்: வேப்பங்குச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கி மெதுவாகத் தேய்த்தால் படிவு போகும். ஆனால் அது பல்லின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடுகிறது, நோய் ஆரம்பிப்பது பல்லிடுக்கில். உப்பும் கரித்தூளும் வேண்டவே வேண்டாம், பல்லின் கழுத்துப் பகுதியை அரித்துப் பள்ளமாக்கிவிடும். உங்கள் ஐயாவின் மேல்வரிசைப் பல்லில் ஈறு ஓரமாக விரலை வைத்துப் பாருங்கள், குழி தட்டுப்படும். கெட்டிப்பட்ட காரையைக் குச்சியோ பிரஷ்ஷோ எடுக்காது. அதை மட்டும் அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள்.

*

கேள்வி: மகளுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம், எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. இந்த நேரத்தில் சுத்தம் செய்யலாமா?
— கோட்டையூர் வாசகி

பதில்: செய்யலாம், நாலாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரைதான் அதற்கு வசதியான காலம். கர்ப்பகால ஹார்மோன்களால் ஈறு சின்னப் படிவுக்கே பெரிதாக வீங்கும். மரத்துப்போகிற ஊசியும் போடலாம், மாதம் எத்தனை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் வருகிறதே என்று பல் தேய்ப்பதை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள், மென்மையான பிரஷ்ஷால்.

*

கேள்வி: நாலு தடவைக்கும் சேர்த்துச் சொல்லும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா?
— குன்றக்குடி வாசகர்

பதில்: உண்டு. அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள். புதுக்கோட்டையில் 2023-ல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், நமக்குப் பக்கம்தான். கல்லூரியில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் கூடுதலாகும், ஆனால் மேலே ஆசிரியர் பார்ப்பார், நிதானமாகவும் செய்வார்கள். தனியாரிடம்தான் என்றால் ஒரு பக்கம் முடித்து அடுத்த மாதம் இன்னொரு பக்கம் என்று பேசிக்கொள்ளுங்கள். பணத்துக்காக மொத்தமாக விட்டுவிட வேண்டாம், போன பல்லுக்குப் பல் கட்டுவது இதைவிடப் பல மடங்கு செலவு.

*

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தானில் அப்பத்தாவுக்கு 78 வயது. வெற்றிலை போடாமல் இருக்க மாட்டார். நாலைந்து பல் ஆடுகிறது. "இந்த வயசுல எனக்கு எதுக்குடி கிளீனிங்கு, விழுறது விழட்டும்" என்கிறார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செட் கட்டிவிடலாமா?
— ஒரு பேத்தி

பதில்: அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஆடுகிற பல் எல்லாம் எடுக்க வேண்டிய பல் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டி வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மேலும் கீழுமாக அமுங்குகிற பல்லைத்தான் காப்பாற்றுவது கஷ்டம். 78 வயதில் சொந்தமாக இருபது பல் இருந்தால் அவர் இன்னும் கவுனி அரிசியை ரசித்துச் சாப்பிடலாம். கீழ்வரிசை செட் எத்தனை நன்றாகக் கட்டினாலும் அந்தச் சுகம் வராது. வயது ஏற ஏறப் பல் விழுவது இயற்கை என்று நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. பல்லை விழவைத்தது வயது இல்லை, முப்பது நாற்பது வருடம் யாரும் எடுக்காமல் விட்ட காரை.

சென்ற மாதம் அதே வயதில் ஒரு ஆச்சி வந்தார். கீழ் முன்பல்லுக்குப் பின்னால் காரை ஒரு பாலம் மாதிரி ஆறு பல்லையும் சேர்த்து ஓடியிருந்தது, வெற்றிலைக் கறை ஏறிக் கருஞ்சிவப்பு. எடுக்க எடுக்கத் துண்டு துண்டாக வந்தது. ஆறு வாரம் கழித்து வந்து, "வாயில ஏதோ காலியா இருக்குத்தா, ஆனா கொட்டைப்பாக்கு வாசம் போயிருச்சு, என் பேரன் மடியில ஏறி உக்காருறான்" என்றார். ஒரு பல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வெற்றிலைப் பழக்கத்தைப் பற்றி அப்பத்தாவிடம் சண்டை போடாதீர்கள், ஆனால் மறைக்கவும் வேண்டாம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு என்றாலும், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியிருக்கிறது. காரம் பட்டால் எரிகிறதா, வாய் முன்பு போல் அகலமாகத் திறக்கிறதா, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடிப்பு இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உண்டா என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் ஈறுக்கு முன்னால் அதைத்தான் பார்க்கணும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது நீங்களே கூட்டிப் போங்கள். கிளீனிங் என்று சொன்னால் வர மாட்டார், வாய் நாற்றத்துக்கு வழி கேட்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். கையோடு வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டால் "ரெண்டு மூணு" என்றுதான் எல்லா அப்பத்தாவும் சொல்வார்கள். பெட்டியைத் திறந்து பாக்கு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, மூலையில் புகையிலை மடித்து வைத்திருக்கிறாரா என்று பார்த்தால்தான் டாக்டருக்குச் சரியான கணக்கு கிடைக்கும்.